ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் ஏபிஐ அழைப்புகள்: கேள்வி பதில்

ஏபிஐ அழைப்பு என்பது ஒரு நிரல் வேறொரு சர்வரிடம் தகவலோ வேலையோ கேட்பது. ஓர் அழைப்பின் விடை கையில் இருந்தால்தான் அடுத்த அழைப்பை அனுப்ப முடியும் என்ற நிலையில் வரும் சிக்கல்களைப் பற்றிய கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்டில் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு பக்கத்துக்கு ஐந்து அழைப்புகள்: உள்நுழைவு, பயனர் விவரம், அவருடைய ஆர்டர்கள், அறிவிப்புகள், நாடுகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் அவெய்ட் (விடை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போட்டிருக்கிறேன். பிழை எதுவும் இல்லை, ஆனால் ஆமை வேகம்.

பதில்: ஒவ்வோர் அழைப்புக்கும் என்ன உள்ளீடு வேண்டும், அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆர்டர்களுக்குப் பயனர் ஐடி வேண்டும். அது பயனர் விவரத்தில் இருக்கிறது. பயனர் விவரத்துக்கு டோக்கன், அதாவது உள்நுழைந்ததும் கிடைக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். இவை உண்மையான சார்புகள். அறிவிப்புகளுக்கு டோக்கன் மட்டும் போதும். நாடுகளின் பட்டியலுக்கு எதுவுமே வேண்டாம். அதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள் என்பதற்காக மட்டுமே அது காத்துக்கிடக்கிறது.

ஒவ்வோர் அழைப்பும் 200 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால் இப்போது 1,000 ஆகிறது. சார்புகளை மட்டும் மதித்தால் மிக நீளமான பாதை டோக்கன், விவரம், ஆர்டர்கள் ஆகிய மூன்றுதான்: 600. சர்வர் பக்கத்தில் அழைப்புகளை ஒன்றாக இணைக்காதவரை அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

இதில் பலர் பாதி தூரம்தான் போகிறார்கள். (பிராமிஸ் என்பது இனி வரப்போகும் விடைக்கான பிடிமானம்; பல பிராமிஸ்களுக்கும் சேர்த்துக் காத்திருப்பது பிராமிஸ்.ஆல்.) டோக்கன் வந்ததும் விவரத்தையும் அறிவிப்புகளையும் ஒரு பிராமிஸ்.ஆல் உள்ளே போட்டு, அது முடிந்தபின் ஆர்டர்களைக் கேட்கிறார்கள். அறிவிப்புச் சேவை ஒருநாள் இரண்டு வினாடி இழுத்தால், அதற்குத் துளியும் தொடர்பில்லாத ஆர்டர்களும் சேர்ந்து காத்திருக்கும். அடுக்கடுக்காகப் பிரிக்காமல் கிளை கிளையாகப் பிரியுங்கள். ‘விவரம் வாங்கு, பிறகு ஆர்டர்களை வாங்கு’ என்பது ஒரு தனி ஃபங்ஷன், அறிவிப்பு இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள்.

கேள்வி: அழைப்புகளை முதலில் தொடங்கிவிட்டு, தேவைப்படும் இடத்தில் அவெய்ட் போடலாமா? அப்படிச் செய்ததில் நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் தளம்) செயலி சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது.

பதில்: நீங்கள் வேறொன்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், முன்பே தொடங்கிய அழைப்பு தோற்றுவிடுகிறது. அந்தப் பிழையை ஏற்க அப்போது யாரும் இல்லை. நோட் 15ஆம் பதிப்பிலிருந்து, கவனிக்கப்படாத இத்தகைய தோல்வி செயலியையே நிறுத்திவிடும். தொடங்கிய பிராமிஸ்களை உடனடியாக பிராமிஸ்.ஆல் கையில் ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: பயனர் விவரம் மூன்று கிளைகளுக்கும் தேவைப்படுகிறது. வந்த விடையை, மீண்டும் பயன்படுத்துவதற்காக, கேஷில் எடுத்துவைக்கிறேன். ஆனாலும் மூன்று அழைப்புகள் போகின்றன.

பதில்: இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். முதல் கிளை கேஷைப் பார்க்கிறது, காலி, அழைக்கிறது. விடை வருவதற்குள் இரண்டாவது கிளையும் பார்க்கிறது, இன்னும் காலி; அதுவும் அழைக்கிறது. விடையை வைக்காமல் பிராமிஸையே கேஷில் வையுங்கள். அழைப்பைத் தொடங்கிய அதே வரியில், அவெய்ட் போடாமல், அதை கேஷாகப் பயன்படும் மேப்பில் போட்டுவிடுங்கள். அடுத்து வருபவருக்கு அதே பிராமிஸ் கிடைக்கும். அழைப்பு ஒன்றுதான் போகும்.

இப்படி எழுதிவிட்டால் வரிசையைப் பற்றி நீங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனும் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். யார் முதலில் கேட்டாலும் சரி. ஒரே எச்சரிக்கை: தோற்றுப்போன பிராமிஸை மேப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒருமுறை வந்த பிழையே நிரந்தர விடையாகிவிடும்.

கேள்வி: நடுவழியில் டோக்கன் காலாவதியாகி, ஒரே நேரத்தில் பல அழைப்புகளுக்கு 401 (அனுமதி செல்லாது என்ற பிழை) வருகிறது. எல்லாமே புது டோக்கன் கேட்கின்றன.

பதில்: மேலே சொன்ன அதே மருந்துதான். புதுப்பிக்கும் பிராமிஸ் ஒன்றே ஒன்று. எல்லாரும் அதற்காகக் காத்திருந்து, பிறகு தத்தம் அழைப்பை ஒருமுறை மட்டும் மீண்டும் அனுப்பட்டும். ஒருமுறை என்ற வரம்பு முக்கியம். அது இல்லாவிட்டால் முடிவில்லாச் சுழல்தான்.

கேள்வி: பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச் உள்ளே அவெய்ட் போட்டேன், காத்திருக்கவில்லையே?

பதில்: காத்திருக்காது. நீங்கள் கொடுத்த ஃபங்ஷன் திருப்பித்தரும் பிராமிஸை ஃபார்ஈச் கண்டுகொள்வதே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வேண்டுமென்றால் சாதாரண ஃபார் லூப். எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் பட்டியலின் மேப் ஃபங்ஷனும் பிராமிஸ்.ஆலும். ஆயிரம் ஐடிகளை ஒரேயடியாக அனுப்பிவிட்டு 429 (அளவுக்கு மீறிய அழைப்புகள் என்ற பிழை) வருகிறதே என்று பிறகு கேட்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை என்று ஒரு வரம்பு வையுங்கள். 429 விடையில் ரீட்ரை-ஆஃப்டர் தலைப்பு இருந்தால் அது சொல்லும் நேரம்வரை பொறுங்கள்.

கேள்வி: பிராமிஸ்.ஆலில் ஒன்று தோற்றால் மற்றவை நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. உங்களுக்குப் பிழை உடனே வந்துசேரும். மற்ற அழைப்புகள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் அபார்ட்கன்ட்ரோலர் சிக்னலை ஒவ்வோர் அழைப்புக்கும் கொடுத்திருக்க வேண்டும். வந்ததை வைத்துக்கொண்டு பக்கத்தைக் காட்டினால் போதுமென்றால் 2020இல் ஜாவாஸ்கிரிப்ட்டில் சேர்ந்த, தோல்வி வந்தாலும் எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் பிராமிஸ்.ஆல்செட்டில்ட் போதும். பைத்தானில் இதே வேலையைச் செய்யும் கேதரும் மற்றவற்றை நிறுத்தாது, 3.11இல் வந்த டாஸ்க்குரூப் நிறுத்தும்.

கேள்வி: எந்த அழைப்பு எதைச் சார்ந்தது என்பதைப் பயனர்களே அமைக்கிறார்கள். நிரல் எழுதும்போது எனக்கு வரிசை தெரியாது.

பதில்: இப்போதுதான் வரைபடம் தேவைப்படுகிறது. அழைப்புகள் கணுக்கள், சார்புகள் அம்புகள். கணினியியலாளர் ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட முறை எளிது: எதையும் சாராதவற்றைத் தொடங்குங்கள், ஒன்று முடிந்ததும் அதைச் சார்ந்த ஒவ்வொன்றின் மீதமுள்ள சார்புகளின் எண்ணிக்கையிலும் ஒன்றைக் குறையுங்கள், பூஜ்யம் ஆனவற்றைத் தொடங்குங்கள். தொடங்க எதுவும் இல்லை, ஓடிக்கொண்டிருப்பதும் எதுவுமில்லை, ஆனால் கணுக்கள் மீதமிருக்கின்றன என்றால் எங்கோ சுழற்சி இருக்கிறது. அதை ஓட்டும்போது கண்டுபிடிப்பதைவிட, பயனர் சேமிக்கும்போதே மறுப்பது நல்லது. பைத்தானில் 3.9 முதல் கிராஃப்லிப் தொகுதியில் இது தயாராகவே இருக்கிறது.

நிரலில் நான்கைந்து அழைப்புகள் மட்டும் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: முதல் இரண்டு அழைப்புகளும் சர்வரில் பதிவாகிவிட்டன. மூன்றாவதில் டைம்அவுட். என்ன செய்வது?

பதில்: டைம்அவுட் என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளில்லை, நடந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மீண்டும் அனுப்பினால் இரட்டைப் பதிவு ஆகலாம். அந்த ஏபிஐ ஐடெம்போட்டன்சி சாவியை (ஒரே கோரிக்கை மீண்டும் வந்தால் சர்வர் அடையாளம் காண உதவும் குறியீடு) ஏற்குமானால், முதல் முயற்சிக்கு முன்பே ஒரு சாவியை உருவாக்கி, எல்லா மறுமுயற்சிகளிலும் அதையே அனுப்புங்கள். முயற்சிக்கு ஒரு புதுச் சாவி உருவாக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன்; அந்தச் சாவியால் எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவது நிச்சயமாகத் தோற்றுவிட்டது என்றால், முன்னே செய்ததைப் பின்னிருந்து ஒவ்வொன்றாக ஈடுசெய்யும் அழைப்புகள் தேவை: பணம் பிடித்திருந்தால் திருப்பித் தருவது, இருப்பை ஒதுக்கியிருந்தால் விடுவிப்பது. இதற்கு 1987 முதலே ‘சாகா’ என்ற பெயர் இருக்கிறது. ஈடுசெய்யும் அழைப்பும் தோற்கலாம். அதனால் எந்தப் படிவரை வந்தோம் என்பதை நினைவகத்தில் வைக்காமல் தரவுத்தளத்தில் எழுதிவையுங்கள். ஈடுசெய்யவே முடியாத படி ஏதாவது இருந்தால், மின்னஞ்சல் அனுப்புவதைப் போல, அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: ஒன்றை உருவாக்கி, வந்த ஐடியை வைத்து உடனே கேட்டால் 404 (அப்படி ஒன்று இல்லை என்ற பிழை). அரை வினாடி தூங்கவைத்தால் சரியாகிறது. அப்படியே விடலாமா?

பதில்: வேண்டாம். எழுதுவது ஓரிடத்திலும் படிப்பது அதன் நகலிலும் நடப்பதால் இருக்கலாம்; நகல் வந்துசேரும் நேரம் நாளுக்கு நாள் மாறும். உருவாக்கிய அழைப்பின் விடையிலேயே முழு விவரமும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அடுத்த அழைப்பே தேவையில்லை. வராவிட்டால், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே சில முறை கேட்டு, வரம்பைத் தாண்டினால் தெளிவான பிழையுடன் நிறுத்துங்கள்.