மகன் வாங்கி வந்த ஃபெல்ட் தொப்பி போட்டால் காளான் மாதிரி இருக்கிறது. விளிம்பை வெட்டிச் சின்னதாக்கலாமா?

கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதானே: மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்போது முயல் முடியை நெய்யாமல் இறுக்கிச் செய்யும் ஃபெல்ட்டில் ஆன அகல விளிம்புத் தொப்பி வாங்கி வந்திருக்கிறார், அளவு 57, தலையில் கச்சிதமாக உட்காருகிறது, ஆனால் கண்ணாடி முன்னால் நின்றால் தொப்பிதான் தெரிகிறது, நீங்கள் தெரியவில்லை, கோவையில் உங்களுக்குத் தெரிந்த தையல்காரர் விளிம்பில் ஒன்றரை அங்குலம் வெட்டிவிடலாம் என்கிறார். நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் குறை இல்லை. தலையை மூடும் மேல் கூடு இருக்கிறதே, கிரவுன் என்பார்கள், அது உங்கள் முகத்துக்குக் குட்டையாகவும் முன்பக்கம் ஒடுங்கியும் இருக்கிறது. நடுவில் ஆழமாகக் குழி, இரண்டு பக்கமும் அழுத்திய ஒடுக்கு, அதனால் கூடு சின்னதாகிப்போய் விளிம்பு பெரிதாகத் தெரிகிறது. இப்போது விளிம்பை வெட்டினால் குட்டைக் கூட்டுக்குக் குட்டை விளிம்பு வந்து சேரும், பேரனுடைய தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நான் நியூ சவுத் வேல்ஸில் டாம்வொர்த் என்ற ஊரில் 11 வருடமாக இருக்கிறேன். ஜனவரியில் நாட்டுப்புற இசைத் திருவிழா நடக்கும் ஊர், அந்த வாரம் தெருவில் தலை தெரியாது, தொப்பிதான் தெரியும். இங்கிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் கெம்ப்சி, 1974லிருந்து அகுப்ரா என்ற கம்பெனியின் தொப்பித் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. உங்கள் மகன் வாங்கி வந்ததும் அந்த ரகம் என்றுதான் படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

நான் வாங்கிய முதல் தொப்பி ஆட்டுக் கம்பளி ஃபெல்ட், விலை குறைவு. இதே காளான் பிரச்சினைதான். தையல்காரர்கூடக் கிடையாது, நானே உட்கார்ந்து ஒரே மூச்சில் 2 செ.மீ. வெட்டினேன். போட்டுப் பார்த்தால் முகம் வட்டமாக உப்பித் தெரிந்தது, மறுபடியும் ஒட்டவா முடியும்? அதை எடுத்துக்கொண்டு ஊரில் ஒரு தொப்பிக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் தொப்பிக்கு வடிவம் பிடிப்பவர். நான் கொண்டுபோனதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு ஓரமாக வைத்துவிட்டார். குழியே போடாத, பானை கவிழ்த்த மாதிரி மொட்டையாக நிற்கும் புதுத் தொப்பி ஒன்றை எடுத்து என் தலையில் வைத்தார். வைத்துவிட்டுக் கடை வாசல் வரை பின்னால் நடந்துபோய் அங்கிருந்து பார்த்தார். என்னை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். அதற்கு அப்புறம்தான் மேசையில் செங்குத்தாக நிற்கும் குழாயிலிருந்து வரும் ஆவியில் தொப்பியைக் காட்டி, உள்ளங்கையின் ஓரத்தால் நடுவில் ஒரு அழுத்து, இரண்டு கட்டைவிரலால் முன்பக்கம் ஒரு அழுத்து, ஆறும் வரை அப்படியே பிடித்துக்கொண்டார். 5 நிமிடம்கூட ஆகவில்லை. விளிம்பு நான் வெட்டித் தள்ளியதைவிட எவ்வளவோ அகலம், ஆனாலும் என் முகம் தெரிந்தது. அந்த வாசல் வரை போய்ப் பார்த்தாரே, அதுதான் எனக்குப் பாடம். நாம் குளியலறைக் கண்ணாடியில் ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்துப் பார்க்கிறோம், தொப்பியோ முழு ஆளோடும் தோளோடும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. முதலில் ஆள் உயரக் கண்ணாடி முன் 2 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், இல்லையென்றால் யாரையாவது அந்தத் தூரத்திலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். பாதிக் குறை அங்கேயே கரைந்துவிடும்.

சரி, எப்படிச் செய்வது. ஃபெல்ட் நெய்த துணி இல்லை, பாவும் ஊடும் கிடையாது, முடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிய தாள் அது. முடிக்கு என்ன குணமோ அதே குணம்தான் தொப்பிக்கும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்துத் தூங்கி எழுந்தால் முடி எந்தப் பக்கம் அழுந்தியதோ அந்தப் பக்கமே நிற்கும் இல்லையா, திரும்ப நனைத்தால்தான் இறங்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் முடி இளகும், ஆறிக் காய்ந்தால் அந்த நிலையிலேயே நின்றுவிடும். அதனால் கிரவுனில் செய்கிற எதுவும் முடிந்துபோன காரியம் இல்லை, பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு மறுபடி ஆவி காட்டி வேறு மாதிரி செய்யலாம். வெட்டுவது அப்படி இல்லை.

ஆவிக்குக் கெட்டில் போதும், ஆனால் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கொதித்ததும் தானாக அணைந்துவிடும். இட்லிப் பானை வேண்டாம், ஆவி அகலமாக எழும்பி உள்ளே இருக்கும் தோல்பட்டையையும் நனைத்துவிடும், தோல் சூட்டில் சுருங்கினால் தொப்பியின் அளவே போய்விடும். குக்கர் விசில் பக்கம் போகவே போகாதீர்கள், கை வெந்துவிடும். எல்லாவற்றையும்விட நல்லது சளிக்கு ஆவி பிடிக்கிற மெஷின், முகத்தில் வைக்கும் கிண்ணத்தைக் கழற்றிவிட்டால் ஆவி ஒரே இடத்தில் மெல்லிசாக வரும். அம்மா கொடுத்தனுப்பிய அந்த மெஷினைத்தான் நான் இன்றைக்கும் இங்கே வைத்திருக்கிறேன், மூக்கடைப்புக்கு எடுத்ததைவிடத் தொப்பிக்கு எடுத்ததுதான் அதிகம்.

உங்கள் தொப்பிக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். முதலில் முன்பக்கத்து இரண்டு ஒடுக்கையும் எடுங்கள். ஆவிக்கு ஒரு சாண் மேலே பிடித்து 15, 20 வினாடி காட்டினால் ஃபெல்ட் தொட்டால் சூடாக, சப்பாத்தி மாவு மாதிரி சொன்னதைக் கேட்கும். நனையக் கூடாது, தண்ணீர் முத்துக் கட்டினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், விலக்கிவிடுங்கள். உள்ளேயிருந்து விரல்களின் வயிற்றால் மெதுவாக வெளியே தள்ளுங்கள், நகம் பட்டால் தடம் விழும், விரல் நுனியால் குத்தாதீர்கள். நடுக்குழியையும் அதே மாதிரி உள்ளிருந்து மேலே தள்ளி முழுதாக எடுத்துவிடுங்கள். இப்போது மொட்டையான குடம் மாதிரி ஒன்று கையில் இருக்கும், பயப்பட வேண்டாம், அதுதான் தொப்பியின் உண்மையான உயரம். என்னுடையதில் அது 14 செ.மீ., குழி போட்டபோது 11தான் இருந்தது. அந்த 3 செ.மீ.க்குள்தான் உங்கள் முகத்துக்கு வேண்டிய உயரம் எங்கேயோ இருக்கிறது. பழையபடி ஆழமாகப் போடாமல் பாதி ஆழத்துக்கு மட்டும் குழி போட்டுப் பாருங்கள், முன்பக்க ஒடுக்குகளை ஒன்றுக்கொன்று தள்ளி, கன்ன எலும்பு அகலத்துக்கு வருகிற மாதிரி போடுங்கள். அவை நெருங்கினால் முகம் அகலமாகத் தெரியும், விலகினால் முகத்தோடு கூடு சேர்ந்துகொள்ளும். இதை எழுதிப் புரியவைப்பது கஷ்டம், இரண்டு தடவை செய்து பார்த்தால் கை சொல்லிக்கொடுக்கும்.

கூடு மேலே ஒடுங்கிக் கூம்பு மாதிரி போயிருந்தால் மட்டும் ஆவியால் சரிவராது, அதற்கு மர அச்சில் ஏற்ற வேண்டும். அச்சு இல்லை என்று வீட்டில் இருக்கும் சம்படத்தையோ குண்டானையோ கவிழ்த்து அதில் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். தலை வட்டம் இல்லை, முன்னும் பின்னும் நீண்ட முட்டை வடிவம். ராத்திரி சம்படத்தில் மாட்டிக் காலையில் எடுத்தால் தொப்பி வட்டமாக நின்றது, நெற்றியிலும் பிடரியிலும் கவ்விப் பிடித்தது, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விரல் போகிற இடைவெளி. திரும்ப முட்டை வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்தது விளிம்பு. இங்கேயும் வெட்டாமலே நிறையக் குறைக்கலாம். எதிரில் நிற்பவருக்குத் தெரிவது விளிம்பின் இடவல அகலம்தான். பக்கவாட்டு இரண்டையும் ஆவியில் காட்டி லேசாக மேலே சுருட்டிவிட்டால், துணி ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமலே, பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. போல அகலம் குறைந்து தெரியும். முன்பக்கத்தைக் கண்ணுக்கு மேலே கொஞ்சம் இறக்குங்கள், பின்பக்கத்தைச் சும்மா விடுங்கள். சுருட்டிய பக்கங்கள் ஆறும் வரை கையிலேயே பிடித்திருங்கள், துணிக் கிளிப் போட்டால் பல் தடம் விழும்.

இப்படி வைத்துக்கொண்டு மூன்று வாரம் போடுங்கள். வெளியே போகும்போது, காலை நடையில், எங்கும். கண் பழக வேண்டும், தொப்பியும் தலைக்குப் பழக வேண்டும்.

அதற்கு அப்புறமும் அகலம்தான் என்று தோன்றினால் வெட்டலாம், வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபெல்ட்டில் நூல் பிரியாது என்பதால் வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டியதில்லை, அப்படியே விடலாம். ஆனால் ஓரத்தில் ரிப்பன் வைத்துத் தைத்திருந்தால் வெட்டும்போது அது போய்விடும், திரும்ப வைக்கத் தையல்காரர் வேண்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி போட்டுக் கம்பளிக்கான சூட்டில் இஸ்திரி வைத்து விளிம்பைத் தட்டையாக்குங்கள். கூடு முடிந்து விளிம்பு தொடங்கும் மடிப்பிலிருந்து அளந்து தையல் சாக்கால் குறியுங்கள், வெளி ஓரத்திலிருந்து அளக்க வேண்டாம், பழைய வெட்டு ஒழுங்காக இருக்கும் என்று சொல்ல முடியாது. அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், பல தொப்பிகளில் முன்னும் பின்னும் அகலம் கூடுதலாகவும் பக்கங்களில் குறைவாகவும் வைத்திருப்பார்கள், அது தவறு இல்லை, அந்த வித்தியாசத்தை அப்படியே காப்பாற்றுங்கள். முதல் தடவை 5 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். ஒரு சின்ன மரக்கட்டையில் பிளேடைப் பொருத்தி, கட்டையின் மறுமுனை கூட்டை ஒட்டியே நகர்கிற மாதிரி சுற்றி இழுத்தால் கோடு பிசகாது, தொப்பிக்காரர்கள் வைத்திருக்கும் கருவியும் இந்த யோசனைதான். வெட்டிய ஓரத்தை 400 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். போட்டுப் பாருங்கள், இரண்டு நாள் விட்டு அடுத்த 5 மி.மீ. பற்றி முடிவெடுங்கள். மொத்தத்தில் 6 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள் என்பேன், அதற்குக் கீழே முன்பக்கத்தைச் சரித்து இறக்குவது கஷ்டம், கோவை வெயிலுக்கு நிழலும் போதாது. தையல்காரர் சொன்ன ஒன்றரை அங்குலம் என்பது கிட்டத்தட்ட 4 செ.மீ., உங்கள் விளிம்பில் ஏறக்குறைய பாதி.

கேள்விக்குக் கீழே இன்னொருவர் தாத்தாவின் பழைய தொப்பிக்கும் இதே மாதிரி செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். 1940களிலோ அதற்கு முன்போ செய்தது என்றால் வீட்டில் ஆவி காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் முயல் முடியைப் பதப்படுத்தப் பாதரச உப்பு சேர்த்தார்கள், தொப்பித் தொழிலாளிகளுக்கு நடுக்கம் வந்தது அதனால்தான், அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் அதை நிறுத்தினார்கள். பழைய ஃபெல்ட்டில் அது இன்னும் தங்கியிருக்கலாம். அந்தத் தொப்பியைச் சூடு காட்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கு இன்னும் ஒன்று. கூட்டை உயர்த்திய பிறகு தொப்பி காதுப் பக்கம் கொஞ்சம் இறங்குவது மாதிரி இருந்தால், தோல்பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் பட்டையை நெற்றிப் பக்கம் மட்டும் செருகுங்கள், சுற்றிலும் வேண்டாம். கழற்றி வைக்கும்போது விளிம்பு மேசையில் படுகிற மாதிரி வைத்தால் நீங்கள் சுருட்டியது தட்டையாகிவிடும், உச்சி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். கார் பின்கண்ணாடிப் பலகையில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முன்பக்கத்து ஒடுக்கை எடுத்ததும் 2 மீட்டர் தள்ளி நின்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள், குழியை எவ்வளவு ஆழம் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.