ஏ.டி.எச்.டி. மனச்சிதைவாக மாறுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. 9 வயதிலேயே ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்றார்கள், அதற்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறான். நான்கு மாதமாகப் படிப்பில் கவனமே இல்லை. அறையை விட்டு வெளியே வருவதில்லை. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். பழைய நோய் மனச்சிதைவாக (ஸ்கிசோஃப்ரினியா; காரணமற்ற சந்தேகம், மாயக்குரல் போன்றவை வரும் மனநோய்) மாறுகிறதா?

பதில்: ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. சிறுவயதில் ஏ.டி.எச்.டி. இருந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனாலும் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை.

கவனம் சிதறுவது இரண்டிலும் உண்டு, அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. எப்போது தொடங்கியது என்று பாருங்கள். ஏ.டி.எச்.டி. 12 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடும். பத்தொன்பது வயதில் புதிதாகச் சந்தேகம் வருவது அதன் அறிகுறி அல்ல. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் நேரில் அழைத்துப் போங்கள். தற்கொலை, அடிதடி என்று பேசினால் அன்றே அவசரப் பிரிவுக்கு.

அதற்குள் 'மூளை வரைபடம்' எடுத்து நோயைச் சொல்கிறோம் என்று யாராவது வருவார்கள். வண்ண வண்ணமாக ஒரு படம், கூடவே பயிற்சித் தொகுப்பு, முன்பணம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த இரண்டில் எதையும் உறுதிப்படுத்தும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை கிடையாது. மருத்துவரே ஸ்கேன் எழுதினால், அது வேறு நோய் இல்லை என்று பார்ப்பதற்கு. ஆன்லைன் கேள்வித்தாளும் அப்படித்தான்; பத்துக் கேள்விக்கு 'ஆம்' போட்டால் எனக்கும் ஏ.டி.எச்.டி. என்றுதான் வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மாத்திரை. மெத்தில்ஃபெனிடேட் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூட்டும். மனச்சிதைவுக்கான மருந்துகள் பெரும்பாலும் அந்த டோபமைனின் வேலையைத் தடுக்கும். அதனால் அபூர்வமாகச் சிலருக்கு மாத்திரையே சந்தேகத்தையும் மாயக்குரலையும் கிளப்பிவிடும். 2019இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இவ்வகை மருந்தைப் புதிதாகத் தொடங்கிய 13 முதல் 25 வயதுக்காரர்களில் ஏறத்தாழ 660 பேருக்கு ஒருவருக்கு இப்படி ஆனது. உங்கள் மகன் இந்த மாத்திரைக்குப் பழைய ஆள்தான், ஆனால் அண்மையில் அளவு கூடியதா? அவனாகவே இரண்டு போட்டுக்கொள்கிறானா? கஞ்சா உண்டா? திட்டாமல் கேளுங்கள். கவனம் குறைந்துவிட்டதே என்று அளவை மட்டும் கூட்டிவிடாதீர்கள். மாத்திரை எழுதியவரை இன்றே அழைத்து, அடுத்த வேளை கொடுக்கலாமா என்று கேளுங்கள். நிறுத்தினால் பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் மாத்திரை மட்டும் காரணம் இல்லை, மனச்சிதைவா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

அப்புறம், பழைய மருத்துவக் கோப்பு. பதினெட்டு தாண்டியதும் குழந்தைகள் பிரிவு கைகழுவிவிடும், பெரியவர்கள் பிரிவோ முதலிலிருந்து கேட்கும், இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று பேசாது. இந்த அலட்சியம் எனக்குச் சலித்துவிட்டது. நீங்களே கோப்பின் நகலை வாங்கி, எந்த மாதம் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.