மேட்டூர் பக்கத்திலேயே இருந்தும் சேலத்திலும் ஏற்காட்டிலும் ஏன் மின்சாரம் நிற்கிறது?

மேட்டூரில் இவ்வளவு மின்சாரம் தயாராகும்போது பக்கத்திலிருக்கும் சேலத்திலும் ஏற்காட்டிலும் அது ஏன் அடிக்கடி நிற்கிறது, ஊழியர்களின் மெத்தனம்தானே காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் அண்மையில் வீடு வாங்கிக் குடியேறியவராக நீங்கள் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். துணை மின்நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்குக் கேள்வியின் கடைசிப் பகுதி வருத்தம் தந்ததால்தான் இதை எழுதுகிறேன். துறைக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்லக்கூடும். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

மேட்டூர் அனல் மின்நிலையத்தின் பழைய நான்கு அலகுகள் தலா 210 மெகாவாட், புதிய அலகு 600 மெகாவாட். அங்கே நிலக்கரியை எரித்து உண்டாக்கும் நீராவி, சுழலியை நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. அதனால்தான் நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகளாக வருகிறது. 210 மெகாவாட் மின்னாக்கியிலிருந்து 15,750 வோல்ட்டில் வெளிவரும் மின்சாரத்தை அங்கேயே 2,30,000 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்புகிறார்கள். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனைக் கொண்டுசெல்லக் கம்பியில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். வெப்பமாக வீணாவதோ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்படி ஏற்றி விடப்பட்ட மின்சாரம் மேட்டூருடையது என்று பெயர் சொல்லும்படி தனியாக நிற்பதில்லை. மின்தடங்களால் பின்னப்பட்ட பொதுக் கட்டமைப்பில் இணைந்த எல்லா மின்னாக்கிகளும் ஒரே வடத்தைப் பிடித்துத் தேர் இழுப்பவர்களைப் போல ஒரே நடையில் ஓட வேண்டும். பயன்பாடு உற்பத்தியை மிஞ்சினால், எங்கோ ஓரிடத்தில் அல்ல, அனைத்து மின்னாக்கிகளின் வேகமும் ஒருசேரக் குறைகிறது. 50 என்ற அதிர்வெண் கீழே இறங்குகிறது. அது எல்லை தாண்டி இறங்கினால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும், மாநிலங்களே இருளில் மூழ்கும். பெரிய அளவில் சேமித்து வைக்கக் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது மின்சாரமாக்கும் கடம்பாறை போன்ற நீரேற்று நிலையங்கள் மிகச் சிலவே இருப்பதால், அந்தந்த நொடியின் தேவையை அந்தந்த நொடியில்தான் உற்பத்தி செய்தாக வேண்டும்.

2012-ஆம் ஆண்டில் நான் மேச்சேரி, ஜலகண்டாபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு துணை மின்நிலையத்தில் இருந்தேன். அவ்வாண்டு வழக்கமான ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. பாசனத்துக்குத் தண்ணீர் விடும்போதுதான் அணையடியிலும் சுரங்கத்திலும் உள்ள நீர்மின் நிலையங்கள் முழுமையாக இயங்கும். வெளியிலிருந்து வாங்கலாம் என்றாலும், தென்மண்டலக் கட்டமைப்பு அப்போது நாட்டின் பிற பகுதிகளோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் (இரு பக்க அதிர்வெண்களையும் ஒன்றாக்காமல், குறித்த அளவு மின்சாரத்தை மட்டும் கடத்துபவை) மட்டுமே பிணைக்கப்பட்டிருந்ததால் ஓரளவுக்கு மேல் கொண்டுவர வழியில்லை. அந்த ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் கோடிக்கணக்கானோர் இருளில் தவித்தபோது நாம் தப்பித்ததும் அதே காரணத்தால்தான். நம்மைக் காத்த பிரிவே நம்மை வறுமையிலும் வைத்திருந்தது.

கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தொலைபேசி வரும். இத்தனை மெகாவாட் குறைக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் பீடர்களின், அதாவது ஊர்களுக்குப் போகும் மின்தடங்களின், பிரேக்கரைத் திறந்து இணைப்பைத் துண்டித்துவிடுவோம். ஓர் இரவு விசைத்தறிக்காரர்கள் கூட்டமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர், "கரி வண்டியெல்லாம் எங்க மேச்சேரி ரோடு வழியாத்தானுங்க போவுது, கரண்டு மட்டும் எங்க போவுதுங்க?" என்று கேட்டார். உள்ளே அதிர்வெண் காட்டும் கருவி இருப்பதையும், அது 49.5-ஐ ஒட்டித் தடுமாறிக்கொண்டிருப்பதையும், ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு மேல் எடுப்பதைக் குறைக்காவிட்டால் தென்னிந்தியா முழுவதும் நின்றுவிடும் என்பதையும் கதவருகில் நின்றபடியே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க தறிய நிறுத்தித்தான் அதக் காப்பாத்தறீங்களா?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். வேறு எந்தப் பதிலும் நேர்மையாக இருந்திருக்காது.

அந்நாட்களில் சென்னையில் ஓரிரு மணி நேரம் நிறுத்தப்பட்ட மின்சாரம் எங்கள் பகுதியில் பகலில் பாதிக்கு மேல் இல்லை. கட்டமைப்பைக் காக்கப் பளுவை, அதாவது மின்பயன்பாட்டை, குறைத்தே ஆக வேண்டும் என்பது பௌதிகம். யாருடைய பளுவை என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. முதலாவதை நான் எங்கும் வாதிடுவேன், இரண்டாவதை நியாயப்படுத்த மாட்டேன். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கி நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணுக்குள் வந்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கத்துப் புகளூருக்கு நேர்மின்னோட்டத் தடமும் வந்து, வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் வழி பெருகியது.

ஆகவே இன்று உங்கள் வீட்டில் விளக்கு அணைந்தால் அது பெரும்பாலும் மேட்டூரைச் சார்ந்ததன்று. பிற்காலத்தில் மலைப் பீடர்களைக் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காப்பித் தோட்டங்களின் நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களின் நடுவே அந்தக் கம்பிகள் செல்கின்றன. கோடை இடிமழையில் ஒரு கிளை கம்பியின் மேல் சாய்ந்தவுடன் ரிலே என்ற காவல் கருவி அதை உணர்ந்து பிரேக்கரைத் திறந்துவிடும். திறக்காவிட்டால் அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரம் இருக்கும். சற்றுப் பொறுத்து மீண்டும் ஏற்றிப் பார்ப்போம். மறுபடியும் டிரிப் ஆனால், லைன்மேன் டார்ச் விளக்குடன் சரிவுகளில் கம்பம் கம்பமாக நடந்துதான் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். மழைக்கு முன்பே கிளைகளை வெட்ட வந்தவர்களை மிளகுக்கொடி கெட்டுவிடும் என்று திருப்பி அனுப்பிய ஒரு தோட்டக்காரர், பின்னர் அதே மரம் விழுந்த இரவில் தொலைபேசியில் எங்களைப் பேசிய சொற்களை நான் இன்னும் மறக்கவில்லை. அவருடைய காட்டில்தான் அப்போதும் இரண்டு பேர் நனைந்துகொண்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

உங்களால் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. உங்கள் வீட்டுக்கு வரும் பீடர் எது என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு, பராமரிப்பு நாளில் உங்கள் எல்லைக்குள் உள்ள கிளைகளை வெட்ட அனுமதியுங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் வெளி இணைப்பைப் பிரித்துவிட்டு ஜெனரேட்டரை மட்டும் சேர்க்கும் முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு இணைப்பில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதன் மின்சாரம் தெரு மின்மாற்றி வழியே தலைகீழாக ஏறிப் பல்லாயிரம் வோல்ட்டாகி, இணைப்பு நிறுத்தப்பட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரின் கைகளுக்குப் போகும்.