ஐ.நா.வைக் கலைத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?

அன்புள்ள ஐயா,

ஒரு போரைக்கூட நிறுத்த முடியாத ஐ.நா. சபை எதற்கு? எந்தத் தீர்மானத்தையும் தனியாளாகத் தடுத்துவிடும் ஐந்து நாடுகளின் வீட்டோவுக்குள் அடங்கிக் கிடக்கும் இந்த அமைப்புகளால் உலகத்தில் எதாவது மாறியிருக்கிறதா? எல்லாவற்றையும் கலைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்புள்ள நண்பருக்கு,

குண்டு விழுந்த ஊர்களின் படங்களைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் எழுதியிருக்கிறீர்கள், அது தெரிகிறது. வீட்டோ அநியாயம்தான், 1945ல் போரில் ஜெயித்தவர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட சலுகை, அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் 'யாருக்கு என்ன நஷ்டம்' என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள்!

என் பாட்டியின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அவள் மடியில் படுத்துக்கொண்டு அந்தக் குழிகளை விரலால் தடவிக்கொண்டிருப்பேன். நீங்கள் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்கவேண்டும் என்று 1958ல் ஐ.நா.வின் கிளையான உலக சுகாதார அமைப்பின் பேரவையில் முன்மொழிந்தவர் சோவியத் யூனியனின் விக்டர் ஷ்தானவ். 1967ல் தொடங்கிய தீவிர இயக்கத்தை நடத்தியவர் டி.ஏ.ஹெண்டர்சன், அமெரிக்கர். இரண்டு நாடுகளும் அணுகுண்டை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம் அது! அவர்கள் சேர்ந்து உட்கார ஒரு பொது இடம் வேண்டியிருந்தது. ஒரு நாடு மட்டும் அம்மையை விரட்டினால் பக்கத்து நாட்டிலிருந்து அது திரும்பி வரும், எல்லையில் கிருமியிடம் யார் பாஸ்போர்ட் கேட்பது? அந்த அமைப்புக்குப் படையும் கிடையாது, போலீஸும் கிடையாது. அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையை எடுத்துக்கொண்டு ஆட்கள் வீடுவீடாகப் போய், இப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். நோயாளி கிடைத்ததும் சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் இரட்டை முனை ஊசியால் தடுப்பு மருந்தைக் குத்தினார்கள்.

1977ல் சோமாலியாவின் மெர்கா நகரில், மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின், அம்மை கண்ட குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறினார். சில நிமிடப் பயணம்தான், தொற்றிக்கொண்டது. அவரோடு பழகியவர்களையெல்லாம் தேடிப்பிடித்து ஊசி போட்டார்கள், நோய் அவரைத் தாண்டவில்லை. இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அவர்தான். பிழைத்துக்கொண்டார், பின்னாளில் போலியோ ஒழிப்பு வேலைக்கே போனார்.

வீட்டோவை எதிர்த்து எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் போலியோ ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் இன்னும் ஒழியவில்லை, பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொண்டுபோன பெண்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள், அதற்குப் பிறகும் பெண்கள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் வேலை முடிகிறவரைக்குமாவது கலைப்பதைப் பற்றிப் பேசாதீர்கள்.