மனசாட்சி மறுப்பு என்றால் என்ன? மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள கூலாய்ப் பிள்ளைகளுக்கு அது எதற்கு?

ஆயுதம் ஏந்திக் கொல்வது என் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று ஒருவர் கட்டாயப் படைச்சேவையை வெளிப்படையாக மறுப்பதே மனசாட்சி மறுப்பு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கிடா வெட்ட மாட்டேன் என்பவர் அன்னதானத்துக்குக் காய் நறுக்கித் தருவார் அல்லவா, அதுபோல இவர்களில் பலர் வேறு பொதுப்பணி செய்ய முன்வருகிறார்கள்.

அரசு ஒருவரின் உழைப்பைக் கேட்கலாம், கொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே இதன் அடிப்படை. ஜெர்மனி 1949 அரசமைப்பிலேயே இதை எழுதிவைத்தது. தென்கொரியாவில் 2018 தீர்ப்புக்குப் பிறகுதான் வழி பிறந்தது. அங்கே மாற்றுப்பணி சிறைச்சாலைகளில் 36 மாதம். சாதாரணப் படைச்சேவையைவிட நீளம், எனக்கு அது தண்டனையாகவே படுகிறது.

மலேசிய இராணுவத்தில் சேருவது விருப்பம். ஆனால் ஜொகூர்க் குடும்பங்கள் பல சிங்கப்பூரில் வேலை செய்கின்றன. பெற்றோர் மூலம் அங்கே நிரந்தரவாசியான மகன் பதினாறரை வயதில் தேசிய சேவை எனும் கட்டாயப் படைச்சேவைக்குப் பதிய வேண்டும். மனசாட்சி மறுப்புக்கு அங்கே மாற்றுப்பணி இல்லை. மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இராணுவத் தடுப்புக்காவலில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால் பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிப்பது பாதிக்கப்படும். ஆகவே மகன் பெயரில் விண்ணப்பிக்கும் முன்பே, அவனையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

பலர் இதை நம் மலேசியாவின் பிஎல்கேஎன் எனும் தேசிய சேவைப் பயிற்சியோடு குழப்புகிறார்கள்: 2025-இல் மீண்டும் தொடங்கிய அது 45 நாள் பயிற்சி, படைச்சேவை அல்ல.