விருப்ப ஓய்வும் ஊழியமும்

அன்புள்ள ஐயா,

தாலுகா அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். விதவை, முதியோர் ஓய்வூதிய மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். ஞாயிறு ஆராதனை, உபவாச ஜெபம், தசமபாகம் எதிலும் குறை வைத்ததில்லை. ஆனாலும் பகலெல்லாம் கோப்புகளோடு கழிவது மனத்தை உறுத்துகிறது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடுங்கள் என்கிறார்கள் சபையில். மனு கொடுக்க வருகிறவர்களுக்குச் சுவிசேஷக் கைப்பிரதியாவது கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மாசில்லாத பக்தி எது என்று புதிய ஏற்பாட்டில் தன் நிருபத்தில் சொல்ல வந்த யாக்கோபு, திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படும் உபத்திரவத்தில் அவர்களை விசாரிப்பதைத்தான் முதலில் வைக்கிறார். அந்த விதவைகள் உங்கள் மேசையைத் தேடி வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எந்த ஊழியத்துக்குப் போகப் போகிறீர்கள்?

அதே புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் வருகிறாள். அவள் பிரசங்கித்ததாக ஒரு வரியும் இல்லை. அவள் இறந்துபோனதும் இயேசுவின் சீடரான பேதுருவை அழைத்துவருகிறார்கள். விதவைகள் அழுதபடி அவரைச் சுற்றி நின்று, அவள் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டுகிறார்கள். அதற்குமேல் ஒரு சாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை.

நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் என்றே பலரும் அவரை அறிவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அவர் செருப்புக்காகப் பட்ட பாடு. தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சியற்றுப் போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் புண்ணின் மேலேயே நடப்பார். புண் ஆழமாகும், கிருமி ஏறும், கடைசியில் எலும்பையே அரித்துவிடும். மருத்துவமனையில் ஆற்றி அனுப்பினாலும் வெறுங்காலோடு நடந்தால் மறுபடி அதே கதை. ஆகவே அந்த அறுவை சிகிச்சை நிபுணர், பாதத்தை அழுத்தாத மென்மையான நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்யும் வேலையில் இறங்கினார். மருத்துவம் படிக்குமுன் தச்சும் கட்டட வேலையும் பழகிய கை அது. செருப்பு தைப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று அவர் நினைத்திருந்தால் எத்தனை பாதங்கள் போயிருக்கும்!

இனி உங்கள் மேசைக்கு வருவோம். கணவரின் பெயர் இறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கும். ‘சரியில்லை’ என்ற ஒரே சொல்லில் திருப்பி அனுப்பினால், அந்த அம்மாள் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறி வருவார். எது சரியில்லை, எங்கே போய்த் திருத்த வேண்டும், எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். இடைத்தரகரிடம் ஏமாந்தவராக இருந்தால், இந்த மனுவுக்கு எந்த இடைத்தரகருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு வரிசையில் கடைசியாக நிற்பவரிடமும் காலையில் பேசியதுபோலவே பேசுவதற்கு உபவாசத்தைவிட அதிகப் பலம் வேண்டும். அதற்காக ஜெபியுங்கள்.

கைப்பிரதி கூடவே கூடாது. உங்கள் கையெழுத்தை நம்பி வந்திருப்பவரால் நீங்கள் நீட்டுவதை மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரிடம் திணிப்பது சுவிசேஷம் அல்ல. கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், நம் சபைக்கு வருகிறவர் எல்லோருடைய மனுவும் வந்த வரிசைப்படியே நகரட்டும். சபையார் என்பதற்காக ஒரு கோப்பும் முந்தக் கூடாது.

உங்களை ஊழியத்துக்கு அழைக்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: சபையில் தகுதியிருந்தும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்காத விதவைகள் எத்தனை பேர்? ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மனு எழுதவும் சான்றிதழ்களைச் சரிபார்க்கவும் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். சபைக்கு வெளியே, அதே தெருவில் இருக்கும் விதவைகளுக்கும் அவர்களே எழுதிக் கொடுக்கட்டும்.

அன்புடன்