கருப்பு காருக்கு நானே மெஷின் பாலிஷ் போடப் போகிறேன், எந்த பேட் வாங்குவது?

கேள்வியில் நீங்கள் சொன்னது: ஏழு வருடம் ஓடிய கருப்பு ஹோண்டா சிட்டி. அபார்ட்மெண்டில் திறந்த பார்க்கிங். வெயிலில் பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள், அங்கங்கே தண்ணீர்த் திட்டு. 15 மி.மீ. டூயல் ஆக்‌ஷன் மெஷின் பேட் ஒட்டும் 5 இன்ச் பேக்கிங் பிளேட்டோடு வாங்கிவிட்டீர்கள். சுற்றிக்கொண்டே 15 மி.மீ. அகலத்துக்கு ஆடவும் செய்யும் மெஷின் அது. கடைக்காரர் ஒரு வூல் பேட், ஓர் ஆரஞ்சு ஃபோம், ஒரு கருப்பு ஃபோம் எடுத்துக்கொண்டால் போதும் என்கிறார். இடது பின் கதவு மட்டும் ஒருமுறை ரீபெயிண்ட் ஆனது.

சென்னையில் காரைச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் டீடெய்லிங் வேலைதான் என் பிழைப்பு. நான் சொல்வது இதுதான்: வூல் பேட் வேண்டாம். அந்தக் காசையும் சேர்த்து, நடுத்தரமான பாலிஷிங் ஃபோம் பேட் ஒரே வகையில் நான்கு வாங்குங்கள். மென்மையான ஃபினிஷிங் பேட் இரண்டு. பில்லர், பக்கக் கண்ணாடியின் மூடி, பம்பர் மூலை இதற்கெல்லாம் 3 இன்ச் பேட் இரண்டு. காரணத்தைச் சொல்கிறேன்.

மெஷினைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் பெயிண்டைத் தொடுவது பேடும் அதில் இருக்கும் பாலிஷும்தான். ஒரே மெஷினில், ஒரே பாலிஷை வைத்து, பேடை மட்டும் மாற்றினால் வேலையே மாறிவிடும். அப்புறம், பாலிஷ் என்பது கோட்டை மறைப்பது இல்லை. கோட்டின் ஆழம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல் பூச்சைச் சீவி எடுப்பது. கம்பெனி பெயிண்ட் மொத்தமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் மேல் அடுக்கான கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் திறந்த இடத்தில் நிற்கும் காருக்கு அந்த அடுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு ஆயுள். கார் விற்கும் வரை அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும், திரும்ப வைக்க முடியாது. அதனால் வேலை முடிகிற அளவுக்கு எது மிக மென்மையான பேடோ அதுவே உங்கள் காருக்குச் சரியான பேட்.

வூல் பேட் கெட்ட பொருள் இல்லை. பெயிண்டிங் ஷெட்டில் புதுப் பெயிண்ட் அடித்து, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த பிறகு, அந்தத் தேய்த்த தடத்தை எடுக்க வூலும், காம்பவுண்ட் என்ற கரடுமுரடான பாலிஷும்தான் சரி. வேகமாக வெட்டும், இழைகளுக்கு நடுவே காற்று போவதால் ஃபோம் அளவுக்குச் சூடும் ஏறாது. ஆனால் ஷெட்டில் அதை ரோட்டரி மெஷினில் போடுகிறார்கள். ரோட்டரி ஒரே மையத்தில் நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று சுற்றும். வூல் விட்டுப்போகும் மெல்லிய தடத்தை ஃபோம் போட்டு எடுக்காமல் வண்டியை அனுப்பினால், கருப்புப் பெயிண்டில் வெயில் படும்போது நிழல் அசைகிற மாதிரி ஒரு ஹோலோகிராம் தெரியும். பளபளப்பாக வந்த கார் இரண்டு வாஷில் மங்கிப்போச்சு என்று வருகிறவர்களின் காரில் நான் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். சில இடங்களில் ஆங்கிள் கிரைண்டரிலேயே பேடை மாட்டி ஓட்டுகிறார்கள். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று போகிற கருவி, உலோகம் அறுக்கச் செய்தது. உங்கள் காரை அப்படி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

மைக்ரோஃபைபர் பேட் டூயல் ஆக்‌ஷனுக்கென்றே வந்தது. நன்றாக வெட்டும். கெட்டியான பெயிண்டுக்கு நல்லது, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி கார்களுக்கு நான் எடுப்பது உண்டு. ஹோண்டா பெயிண்ட் மென்மையானது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் சொல்வது, என் கைக்கும் அப்படித்தான் தெரிகிறது. மென்மையான கருப்பில் மைக்ரோஃபைபர் போட்டால் கோடு போகும், பதிலுக்கு லேசான மூட்டம் வந்து நிற்கும். அதை எடுக்க இன்னொரு சுற்று போட வேண்டும். இரட்டை வேலை.

ஆக, ஃபோம். இதில் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். கடைக்காரர் "ஆரஞ்சு", "கருப்பு" என்று சொல்வது ஒரு கம்பெனியின் கணக்கு, அவ்வளவுதான். லேக் கன்ட்ரி பேடில் மஞ்சள் என்றால் கட்டிங், அதாவது கடினமானது. ரூப்பஸ் பேடில் மஞ்சள் என்றால் ஃபைன், மென்மையான பக்கம். லேக் கன்ட்ரியில் வெள்ளை நடுத்தரம், ரூப்பஸில் வெள்ளைதான் எல்லாவற்றிலும் மென்மை. பெயர் தெரியாத பேட் என்றால் நிறத்துக்கு ஓர் அர்த்தமும் இல்லாமலும் இருக்கலாம். சென்னையில் கார் உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோட்டில் ஒரே கடையில் இத்தனையும் ஒரே கொக்கியில் தொங்கும். கையில் எடுத்துக் கட்டைவிரலால் நடுவில் அழுத்திப் பாருங்கள். கட்டிங் பேட் எதிர்த்துத் தள்ளும், பாதி ஆழம்கூடப் போகாது. பாலிஷிங் பேட் சீராக அமுங்கி, விட்டவுடன் எழும். ஃபினிஷிங் பேட் விரலுக்கு எதிர்ப்பே காட்டாமல் அமுங்கும். அப்படியே கிள்ளிப் பார்த்தால் மோசமான ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அளவு: 5 இன்ச் பிளேட்டுக்கு 5.5 இன்ச் பேட். பிளேட்டின் கெட்டியான விளிம்பைத் தாண்டி ஃபோம் கொஞ்சம் வெளியே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சின்னச் சாய்வில் பிளேட்டே பெயிண்டில் இடிக்கும். ரொம்பப் பெரிய பேட் மாட்டினாலும் டூயல் ஆக்‌ஷன் திணறும், சுழலாமல் வெறுமனே நடுங்கும். தடிமனான பேடை விட மெல்லிய பேடில் மெஷினின் அசைவு பெயிண்ட் வரைக்கும் இறங்கும், தடிமனானதில் பாதி அசைவு ஃபோமுக்குள்ளேயே போய்விடும். நடுவில் ஓட்டை உள்ள பேட் கிடைத்தால் அதையே எடுங்கள். சூடு அதிகம் சேர்வது பேடின் நடுவில்தான். வெல்க்ரோ ஒட்டு முதலில் விடுவதும் அங்கேதான்.

ஏன் நான்கு என்று கேட்பீர்கள். ஃபோம் பாலிஷைக் குடிக்கும், சீவி எடுத்த பெயிண்டையும் சேர்த்துக் குடிக்கும். ஒரு கதவு முடிந்ததும் பேடைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பசை காய்ந்து, ஓரத்தில் வளையமாகக் கெட்டிப்பட்டிருக்கும். விரலால் தடவினால் முகம் வழவழவென்று இருக்கும், நடுவில் சூடு தெரியும். அந்த நிலையில் அது வெட்டுவதும் குறையும், கெட்டியான துணுக்குகள் புதுக் கோடும் போடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும், ஏர் கம்ப்ரெஸ்ஸர் இருந்தால் ஊதிவிட வேண்டும். ஒன்றிரண்டு பேனலுக்கு ஒருமுறை பேடையே மாற்ற வேண்டும். ஒரே பேடை வைத்து முழுக் காரையும் முடிக்கிறவர், இரண்டாவது கதவுக்கு அப்புறம் அழுக்கை வைத்துத்தான் தேய்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது உங்கள் கோடுகளுக்கு வருவோம். பானட்டில் நீங்கள் பார்க்கும் சிலந்தி வலை பெரும்பாலும் தினமும் துடைப்பதால் வந்தது. அபார்ட்மெண்டில் காலையில் ஒருவர் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து வண்டியைத் துடைப்பார். அவர் கொடுத்த வேலையைச் செய்கிறார், அவர் மேல் தப்பில்லை. ஓஎம்ஆரிலும் ஆற்காடு சாலையிலும் மெட்ரோ வேலைத் தூசி படிந்த கார் மேல் அந்தத் துணி போகும்போது கோடு விழாமல் இருக்காது. பாலிஷ் போட்டு முடித்த கையோடு தினசரித் துடைப்பை நிறுத்துங்கள், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். நல்ல செய்தி, இந்தக் கோடுகள் ஆழமில்லை. அதிகபட்சம் நடுத்தர ஃபோமும் நடுத்தர பாலிஷும் போதும். நகத்தால் குறுக்கே வருடினால் நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் அது வேறு விஷயம், எந்தப் பேடாலும் அதைப் பத்திரமாக எடுக்க முடியாது. விட்டுவிடுங்கள்.

தண்ணீர்த் திட்டைப் பார்த்து யாரும் கடினமான பேடுக்குப் போக வேண்டாம். போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர் காய்ந்து படிந்த உப்பு அது. தேய்த்து எடுப்பதற்கு முன் கரைத்துப் பாருங்கள். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் இருப்பதுதான் பெயிண்டை அரித்தது, அதற்கு மட்டும் பாலிஷ். வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு போர் தண்ணீரை விட அதிகம். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம்.

காரைக் கழுவி, க்ளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) போட்டு, கை வைத்தால் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்தபின் பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மாஸ்கிங் டேப்பால் கட்டம் கட்டுங்கள். அதுதான் சோதனை இடம். முதலில் ஃபினிஷிங் பேட், ஃபினிஷிங் பாலிஷ். சின்னச் சொட்டாக நான்கு வைத்து, மெஷினை ஆன் செய்யாமலே பரப்பி, பிறகு நடு வேகத்தில் மெதுவாக நகர்த்துங்கள், குறுக்கிலும் நெடுக்கிலுமாக நான்கைந்து முறை. துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு கலந்து ஒருமுறை துடையுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோட்டுக்குள் உட்கார்ந்து கோடு போன மாதிரிக் காட்டும். அதைத் துடைத்தால்தான் உண்மை தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். பாதிக் கோடு மிச்சம் என்றால் அதே பாலிஷோடு பாலிஷிங் பேட். அப்போதும் மிச்சம் என்றால் பேடை அப்படியே வைத்துப் பாலிஷை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும். உங்கள் காருக்கு இரண்டாவது படியிலேயே வேலை முடியும் என்பது என் கணிப்பு. கட்டிங் பேட் தேவைப்பட்டால் அன்றைக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

பிளேட்டின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். நின்றுவிட்டால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. சுழலாத பேட் சூட்டைத்தான் கொடுக்கும், வெட்டாது.

மெஷின் ஓட்டும் இடம் நிழலாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வெயிலில் நின்ற கருப்பு பானட்டில் புறங்கையை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பாலிஷ் பரப்பும் முன்பே காய்ந்து பொடியாகும். விடியற்காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் இரண்டு மூன்று பேனல் முடித்தால் போதும். ஒரே நாளில் முழுக் காரையும் முடிக்க யாரும் உங்களைத் துரத்தவில்லை.

வேலை முடிந்ததும் பேடுகளை உடனே கழுவுங்கள், காயவிட்டால் அப்புறம் போகாது. பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம், சாதாரணத் தண்ணீர், விரலால் பிதுக்கிப் பிதுக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை. வெந்நீரும் வெயிலும் வெல்க்ரோவைப் பிய்த்துவிடும். ஃபோம் பக்கம் கீழே, வெல்க்ரோ மேலே இருக்கும்படி நிழலில் ஒரு கம்பி வலை மேல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஃபேன் காற்றில் வைக்க வேண்டும். ஈரத்தோடு கவரில் போட்டு மூடினால் பூஞ்சை வரும்.

கடைசியாக அந்த இடது பின் கதவு. ரீபெயிண்டில் கிளியர் எவ்வளவு அடித்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. பெயிண்ட் தடிமன் மீட்டர் யாரிடமாவது கிடைத்தால் வலது பின் கதவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அது மொத்தத் தடிமனைத்தான் காட்டும். அடியில் பட்டி இருந்தால் எண் பெரிதாக வரும், அதை நம்பிக் கிளியர் நிறைய இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதவுக்கு பானட்டின் கணக்கு செல்லாது, தனியாகச் சோதனை இடம் போட்டு ஃபினிஷிங் பேடில் இருந்து ஆரம்பியுங்கள். ஓரங்களிலும் கார் உடலில் ஓடும் மடிப்பு மேட்டிலும் பெயிண்ட் எப்போதும் மெல்லிசு, அங்கெல்லாம் டேப் ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பருக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும், தகடு மாதிரி அது சூட்டைக் கடத்தாது. வேகத்தைக் குறைத்து, 3 இன்ச் பேடில் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு போங்கள்.